பட்டாளத்துக்குப் போன மூத்த பிள்ளை

செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில், ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, நான்கே வரிகளில் ஒரு குடும்பத்தின் மானம் போயிருந்தது.

'நகரசபை எழுப்பும் போர் நினைவுச் சுவரில் பெயர் பொறிக்கக் கோரி வந்த மனுக்களில் ஒன்று போலி எனத் தெரிய வந்துள்ளது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் குடியேறிய குடும்பம் ஒன்று குறிப்பிட்ட பெயரில் யாரும் ராணுவத்தில் பனியாற்றவில்லை என்று ராணுவப் பதிவகம் தெரிவித்திருக்கிறது.'

"எங்க பேரைப் போடல," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள். "ஆனா கடைத்தெருவுல இருக்கிறதே ஒரே ஒரு கண்ணாடிக் கடைதான். காலையில இருந்து வந்தவங்க யாரும் கண்ணாடி பாக்க வரல மேடம். என் மூஞ்சியைப் பாக்க வந்தாங்க."

கைப்பையை மடியில் வைத்துக் கேடயம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முப்பதைத் தாண்டிய வயது. பேசும்போது தரையிலிருந்த பாயின் கிழிசலைத்தான் பார்த்தாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் சுங்கத்தம்மா. துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் பயணியின் நடையைப் பார்த்தே பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொன்னவர். ஓய்வு பெற்றபின் துப்பறியத் தொடங்கினார். முன்பு பெட்டிகள், இப்போது மனிதர்கள். திறக்கிற வேலை மட்டும் மாறவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்தவன் அவருடைய உதவியாளன். உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் ஒட்டடை.

"பாஸ், இவங்க மேல நடவடிக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்காரன் மேல எடுக்கணும். 'பணியாற்றவில்லை'க்கு எழுத்துப் பிழை விட்டிருக்கான்," என்றான் ஒட்டடை.

"நீ வாயை மூடு. நீங்க சொல்லுங்கம்மா."

கண்ணாடிக்கடை மகள் சொன்னாள். அவளுடைய தாத்தா குடும்பத்தோடு கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். மூத்த பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. இளையவர், அதாவது அவளுடைய அப்பா, கைக்குழந்தை. சில வருஷங்களில் போர் மூண்டது. பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை.

"எங்க கடைச் சுவத்துல பெரியப்பா போட்டோ இருக்கு. யூனிஃபார்ம்ல. ஸ்கூல்ல யாராவது 'வந்தேறி'ன்னு சொன்னா, எங்க பெரியப்பா இந்த மண்ணுக்காகச் செத்தாருன்னு சொல்லுவேன். அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் நான் தலைநிமிந்து நடந்தேன். இப்போ எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் மேடம். பொய் சொல்றது யாரு? ராணுவமா, எங்க வீடா?"

"அப்பா என்ன சொல்றாரு?"

"விட்டுடும்மாங்கிறாரு. மனு போடும்போதே வேண்டாம்னாரு. நான்தான் கேக்கல."

சுங்கத்தம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "முதல்ல உங்க அப்பாவைப் பாக்கலாம்."

கண்ணாடிக் கடை குறுகலாக, நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் சட்டங்கள் அடுக்கிய இழுப்பறைகள். பின்பக்கம் கண் பரிசோதிக்கிற உயரமான நாற்காலி, அதற்கு எதிரே சுவரில் எழுத்து அட்டை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அறுபது வயதுக்காரரிடம் மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. ஊரில் எல்லோருடைய கண்ணையும் அருகில் வைத்துப் பார்க்கிற மனிதர், சுங்கத்தம்மாவின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"பழைய கதைங்க. அப்போ நான் சின்னப் பையன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"உங்க அண்ணன் எந்தப் படைப்பிரிவு?"

"தெரியாது."

"எங்க இறந்தாரு?"

"அப்பா சொன்னதில்ல."

"போட்டோவைப் பாக்கலாமா?"

சுவரில் ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே வெளுத்த சதுரம் இருந்தது. படம் இல்லை.

"கண்ணாடி உடைஞ்சு போச்சு," என்றார் கண்ணாடிக்காரர். "மாத்துறதுக்கு வெளிய குடுத்திருக்கேன்."

"கண்ணாடிக் கடையில கண்ணாடி உடைஞ்சா வெளிய குடுப்பீங்களா சார்?" என்று கேட்டான் ஒட்டடை.

அவருடைய காதுகள் சிவந்தன. மகள் ஒரு நிமிடம் அப்பாவையே பார்த்தாள். பிறகு போய் லென்ஸ் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, பழைய துணியில் சுற்றிய சட்டத்தை இழுத்தாள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏம்ப்பா?"

அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்து கைகழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

ஒட்டடையின் பழைய கார் துறைமுகத்தை நோக்கிக் கனைத்துக்கொண்டு போனது. சுங்கத்தம்மா மடியில் படம். சாம்பல் நிற லாரியின் மட்கார்டில் சாய்ந்தபடி ஒரு இளம் சிப்பாய். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒட்ட வெட்டிய முடி, மீசை இல்லை. கேமராக்காரன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி, அதற்குச் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிற முகம்.

"பாஸ், அந்தப் பெரியவர் ஏதோ மறைக்கிறார்."

"அது தெருவுக்கே தெரியும். எதை மறைக்கிறார்னு சொல்லு."

"அண்ணன் பட்டாளத்துல இருந்து ஓடிப்போயிருப்பார். அதை வெளிய சொல்ல வெட்கம்."

"ஓடிப்போறதுக்கு முன்னாடி சேர்ந்திருக்கணும் இல்ல? சேர்ந்த பேரே இல்லைங்கிறாங்க."

"அப்போ கடையில யூனிஃபார்ம் வாடகைக்கு எடுத்துப் போட்டோ புடிச்சிருப்பார்."

"லாரியையும் வாடகைக்கு எடுத்தாரா?"

ஒட்டடை ஹாரன் அடித்துப் பதிலைத் தள்ளிப்போட்டான்.

துறைமுகப் பதிவறையில் சுங்கத்தம்மாவுக்கு இன்னும் நாற்காலி இழுத்துப் போட ஆள் இருந்தது. கப்பலின் பெயரும் வந்த வருஷமும் மகள் சொல்லியிருந்தாள். தடித்த பயணிகள் பட்டியலைப் புரட்டியபோது தூசி கிளம்பியது, ஒட்டடை தும்மினான். குடும்பம் கிடைத்துவிட்டது. தகப்பன், தாய், பிள்ளைகள் இருவர். ஒரு கைக்குழந்தை, ஆண். பன்னிரண்டு வயதில் இன்னொன்று.

அந்த இன்னொன்றுக்கு நேரே 'பெண்' என்று எழுதியிருந்தது.

"எழுதின குமாஸ்தாவுக்குப் பார்வை சரியில்ல," என்றான் ஒட்டடை. "நம்ம கண்ணாடிக் கடைக்கு அனுப்பியிருக்கணும்."

"இருக்கலாம். ஆயிரம் பேரை எழுதுறவன் ஒரு இடத்துல தப்பு விடுவான்." சுங்கத்தம்மா அதே வரியில் விரலை வலப்பக்கம் நகர்த்தினார். "ஆனா படுக்கை ஒதுக்கினவன் வேற ஆளு. அந்தக் காலத்துக் கப்பல்ல பத்து வயசுக்கு மேல உள்ள பையன் அப்பாகூடக் கீழ்த்தளத்துல, ஆம்பளைங்க கூடத்துல படுக்கணும். பெண்களும் சின்னக் குழந்தைகளும் மேல. இங்க பாரு. கீழ்த்தளத்துல தகப்பன் மட்டும் தனியா. அம்மாவும் ரெண்டு பிள்ளைகளும் மேல."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு விட்டிருந்தா?"

"அப்போ அந்தப் பன்னெண்டு வயசுப் பையன் கப்பல்ல வந்த நாளெல்லாம் பெண்கள் கூடத்துல படுத்திருந்தான், அங்க இருந்த ஒரு அம்மாகூடச் சத்தம் போடல. நடக்குமா?"

சுங்கத்தம்மா பையிலிருந்து படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உன் சட்டையைப் பாரு. பட்டன் எந்தப் பக்கம்?"

அவன் குனிந்து பார்த்தான். "வலது."

"படத்துல?"

"இடது." கண்ணைச் சுருக்கினான். "படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருப்பான் பாஸ். ஸ்டுடியோவுல அடிக்கடி நடக்கும். என் பாஸ்போர்ட் போட்டோவுல மச்சம் இடம் மாறிடுச்சு."

"திருப்பிப் போட்டிருந்தா தோள்பட்டையில இருக்கிற எழுத்தும் திரும்பியிருக்கும். அது நேராத்தான் இருக்கு. லாரி நம்பரும் நேரா இருக்கு. படம் சரி. பட்டனும் சரி. பொம்பளைங்க சட்டைக்குப் பட்டன் இடது பக்கம்தான் தைப்பாங்க."

படத்திலிருந்த முகம் இன்னமும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

ராணுவப் பதிவகத்தில் பழைய அட்டைகளைப் பார்க்க உறவினர் கையெழுத்து வேண்டும். எனவே மகளையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் சுங்கத்தம்மா எதுவும் சொல்லவில்லை. முழுசாகத் தெரியாத ஒன்றை அரைகுறையாகச் சொல்லி ஒருவரை அழவைப்பது அவருக்குப் பிடிக்காது.

பதிவக அதிகாரி மகளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் ஒரு சின்ன இளக்காரம் வந்து உட்கார்ந்தது.

"அதான் எழுதிக் குடுத்தோமே. அந்தப் பேர்ல யாரும் இல்ல. இன்னும் எத்தனை தடவை வருவீங்க?"

மகள் தலையைக் குனிந்தாள். சுங்கத்தம்மா ஒரு காகிதத்தில் பெயரை எழுதி அவர் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பேர்ல இல்ல சார். இந்தப் பேர்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கடைசி எழுத்தைப் பாருங்க. எங்க மொழியில சில பேருக்கு வாலை மட்டும் மாத்தினா போதும், ஆம்பளை பொம்பளை ஆயிடும். பெண்கள் படைப்பிரிவு அட்டைகளைத் தேடுங்க."

அதிகாரி முணுமுணுத்தபடி உள்ளே போனார். மகள் திரும்பினாள். "என்ன மேடம் சொல்றீங்க?"

"அதான் உங்க பெரியப்பாவுக்கு மீசை முளைக்கலைங்க," என்று சிரித்தான் ஒட்டடை. "பொம்பளைக்கு எப்படி முளைக்கும்?"

மகள் சிரிக்கவில்லை. ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்து, கைப்பையின் வாரைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டடையின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. யாரோ செத்த வீட்டில் சத்தமாகப் பேசிவிட்டவன் மாதிரி சுவரோரம் ஒதுங்கினான்.

சுங்கத்தம்மா அவளருகில் உட்கார்ந்தார். "உங்களுக்குப் பெரியப்பா கிடையாதும்மா. அத்தை. உங்க தாத்தாவோட மூத்த பிள்ளை பொண்ணு."

"எங்க தாத்தா 'என் மூத்த பிள்ளை, என் மூத்த பிள்ளை'ன்னுதான் சொல்வாராம். நாங்கதான் பையன்னு..." அவள் நிறுத்தினாள். "இல்ல. அப்பா 'அண்ணன்'னு சொல்லுவாரு. என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு."

அதிகாரி திரும்பி வந்தார். இளக்காரம் போயிருந்தது. கையில் பழுப்பேறிய அட்டை.

"பெண்கள் வாகனப் பிரிவு. ஆம்புலன்ஸ் டிரைவர்," என்று படித்தார். "போர்முனையில இருந்து காயம்பட்டவங்களை ஏத்திக்கிட்டு வர்ற வேலை. ரெண்டு தடவை பாராட்டு. அப்புறம் வண்டி மேல குண்டு விழுந்து காணாமல் போனவர்னு வீட்டுக்குத் தகவல் போயிருக்கு." மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார். "மன்னிக்கணும்மா. நீங்க பொய் சொல்லல."

மகளின் கண்கள் நிறைந்தன. "அப்போ செவுத்துல பேரு போடுவீங்களா? பொம்பளைப் பேராவே போடட்டும். எனக்கு வெட்கமே இல்ல. போருல செத்தது செத்ததுதானே?"

அதிகாரி அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"சாகலையே," என்றார்.

மகள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"கள மருத்துவமனையில கண்டுபிடிச்சிருக்காங்க. இடது கால்ல காயம். குணமாகி, போர் முடிஞ்சதும் பணியில இருந்து விடுவிக்கப்பட்டார். போன மாசம்கூட பென்ஷன் போயிருக்கு." விலாசத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊருதான். பாலத்துக்கு அந்தப் பக்கம்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய தொழிலாளர் குடியிருப்புகள். ஒரே மாதிரி கதவுகள், ஒரே மாதிரி படிகள். மூன்றாவது தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடு. காரை நிறுத்திய பிறகும் மகள் இறங்கவில்லை.

"நான் போய் என்னன்னு சொல்றது மேடம்? உங்களை ஆம்பளை ஆக்கிட்டோம், அப்புறம் சாகடிச்சுட்டோம், இப்போ சுவத்துல பேரு எழுத வந்திருக்கோம்னா?"

"அதையே சொல்லுங்க. நடந்தது அதுதானே?"

கதவைத் தட்டினார்கள். உள்ளே ஊன்றுகோல் தரையில் ஊன்றுகிற சத்தம் நெருங்கி வந்தது. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளை முடி, இன்னமும் ஒட்ட வெட்டியது. சதுரமான தாடை.

மகள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க... நீங்க நம்ம கடைக்கு வருவீங்களே!"

"வருவேன்," என்றார் அந்த அம்மாள். அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். "தம்பிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்ல. இல்ல... நல்லாத்தான் இருக்காரு."

"அப்பாடா. அப்போ உள்ள வா. மத்தது எதுவா இருந்தாலும் உக்காந்து பேசலாம்."

சின்ன அறை. கட்டில், மேஜை, இரண்டு நாற்காலி. ஜன்னல் விளிம்பில் மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கறுப்புச் சட்டம், பழுப்புச் சட்டம், பழங்காலத்து வட்டக் கண்ணாடி, போன வருஷத்து மோஸ்தர். எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. ஒட்டடை பார்த்தான். சொல்வதற்கு அவனுக்கு ஏதோ தோன்றியது, சொல்லவில்லை.

மகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "போன தடவை நீங்க வந்தப்போ நான் சிரிச்சேன். 'இந்தக் கண்ணாடிக்கு என்ன கேடு, அதுக்குள்ள மாத்துறீங்க'ன்னு கேட்டேன். உங்களை வாசல் பெஞ்சுல ரொம்ப நேரம் உக்கார வச்சேன்."

"பரவாயில்ல. உள்ள இருந்து அவன் குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"எதுக்கு வந்தீங்க? எங்ககிட்ட எதுவுமே சொல்லாம, எதுக்காக வந்துக்கிட்டே இருந்தீங்க?"

அத்தை ஊன்றுகோலைக் கட்டில் மேல் வைத்தார். அவசரப்படாமல் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. கேட்டவர்கள்தான் அசைந்து அசைந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. எனக்கு வண்டி ஓட்டணும்னு ஆசை. ஒரு காலையில போய்ப் பட்டாளத்துல பேரு குடுத்துட்டேன். லாரி பக்கத்துல நின்னு எடுத்த ஒரு போட்டோவை வீட்டுக்கு அனுப்பினேன். எங்கப்பாவுக்கு ஊர்ல தலைகாட்ட முடியல. குடும்பத்தோட இந்த ஊருக்கு வந்துட்டாரு. இங்க எங்களை யாருக்கும் தெரியாது. அப்புறம் நான் காணாம போயிட்டேன்னு தகவல் வந்துச்சு. அக்கம்பக்கம் எல்லாம் வந்து கையைப் புடிச்சுக்கிட்டு, 'உங்க வீட்டுப் பிள்ளை நாட்டுக்காக உயிரைக் குடுத்துட்டானே'ன்னு அழுதிருக்காங்க. பொண்ணு ஓடிப்போய் லாரி ஓட்டினான்னா அவமானம். பையன் சண்டையில செத்தான்னா மரியாதை. அவர் மரியாதையை எடுத்துக்கிட்டாரு."

"நீங்க திரும்பி வரலையா?"

"வந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து நேரா, இந்தக் காலை இழுத்துக்கிட்டு. விசாரிச்சு விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சேன். அப்பாதான் கதவைத் திறந்தாரு. பின்னாடி தம்பி நின்னான். அப்போதான் அரும்பு மீசை விட்டிருந்துச்சு. அப்பா என்னைப் பாத்தாரு. 'எங்க மூத்த பையன் போர்ல இறந்துட்டான்மா. நீங்க யாருன்னு தெரியல'ன்னாரு. கதவைச் சாத்திட்டாரு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். 'ம்மா'ன்னு மரியாதையா கூப்பிட்டாரு பாரு, அதைத்தான் தாங்க முடியல."

"அப்பா? அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"தரையைப் பாத்துக்கிட்டு நின்னான். சின்னப் பையன், என்ன சொல்லுவான்? அப்புறம் அப்பா போயிட்டாரு. அவன் கடை போட்டான், கல்யாணம் பண்ணிக்கிட்டான். ஒரு நாள் கண்ணாடி போடுற மாதிரி கடைக்குள்ள போனேன். அன்னைக்கு என் கண்ணுல ஒரு குறையும் இல்ல. நிமிந்து பாத்தான். கையில இருந்த லென்ஸ் கீழ விழுந்து உடைஞ்சுது. குனிஞ்சு பொறுக்கிட்டு, 'உக்காருங்க மேடம்'ன்னான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் அண்ணன் செத்துட்டான்னு சொல்லியாச்சு. பொண்டாட்டிகிட்ட, மாமனார் வீட்ல, எல்லார்கிட்டயும். எப்படி மாத்துவான்? நான் கேக்கவும் இல்ல. ஆனா ஒண்ணு. கண்ணு பரிசோதிக்கணும்னா என் கண்ணைப் பாத்துத்தானே ஆகணும்? விளக்கைப் போட்டு, கிட்ட வந்து, கொஞ்ச நேரம் பாப்பான். வேற எப்படியும் அவன் என்னைப் பாக்க மாட்டான். அதுக்காகத்தான் போனேன்."

சுங்கத்தம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எத்தனையோ பெட்டிகளைத் திறந்தவர். இதைத் திறந்ததற்குப் பெருமைப்பட முடியவில்லை. மற்றவர்கள் வீட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்ட கூச்சம்.

"அத்தை," என்றாள் மகள். அந்தச் சொல் அவள் வாயில் புதிதாக இருந்தது. "செவுத்துல உங்க பேரைப் போடச் சொல்லி நான்தான் மனுக் குடுத்தேன்."

"பேப்பர்ல பாத்தேன். அதுல செத்தவங்க பேருதானே போடுவாங்க?"

"ஆமா."

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

மகள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பேப்பருக்கு நானே எழுதிக் குடுக்கப்போறேன். எங்க மனு போலி இல்ல. ஆனா எங்க வீடு பொய் சொல்லிச்சுன்னு. நாலு வரி போதும்."

"உங்க அப்பா சம்மதிப்பானா?"

சுங்கத்தம்மா எழுந்தார். "நாங்க போய்க் கூட்டிக்கிட்டு வர்றோம்."

கடையில் கண்ணாடிக்காரர் தனியாக இருந்தார். இவர்களைப் பார்த்ததும் மகள் எங்கே என்று கண்ணாலேயே தேடினார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க," என்றார் சுங்கத்தம்மா. "அவங்க அத்தை வீட்ல."

அவர் பரிசோதனை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று ஒட்டடை ஓடிப்போய்த் தாங்கினான்.

"பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"திட்டினாளா?"

"இல்ல."

"திட்டியிருக்கலாம்." நாற்காலியின் தோலைத் தடவினார். "இவ்வளவு கிட்டத்துல உக்காருவாங்க. விளக்கைக் கண்ணுல அடிச்சா கண்ணு கலங்கும். எல்லாருக்கும் கலங்கும்தான். ஆனா எனக்குத் தெரியும், அது விளக்குனால இல்லன்னு. ஒரு தடவைகூட வாய் வரல. 'இந்த வரி தெரியுதா மேடம்? இப்போ தெரியுதா மேடம்?' இதையேதான் கேட்டேன். என்ன மனுஷன் நான்?"

"வாங்க. கார் நிக்குது."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்?"

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்க சார்," என்றான் ஒட்டடை. அவன் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

அவர் கடையைப் பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். தெருவில் போகிறவர்கள் பார்ப்பதைப் பார்த்து, காரின் பின்சீட்டில் ஏறி, வலப்பக்க ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். மூன்றாவது தெருவில் வண்டி நின்றதும் கதவுப் பிடியில் கை வைத்தார். திறக்கவில்லை.

சுங்கத்தம்மா இறங்கிக் காத்திருந்தார். வீட்டு வாசலுக்கு மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை முன்சீட்டின் முதுகில் சாய்த்துக்கொண்டார்.

"அப்பா, வாங்க."

"முடியலம்மா. என்னால அந்த வாசப்படி ஏற முடியாது. அன்னைக்கு நம்ம வாசல்ல அவங்களை நிக்க வச்சோம். நான் என்னன்னு உள்ள போவேன்? திருப்பிக் கொண்டு போய் விட்டுடுங்க."

ஒட்டடை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சுங்கத்தம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைக்கவில்லை. மகள் வாசலிலேயே நின்றாள். போய் இழுக்கலாமா, விட்டுவிடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது அவளைத் தாண்டி அத்தை வெளியே வந்தார். ஊன்றுகோலை உள்ளேயே விட்டுவிட்டார். சுவரைப் பிடித்து, பிறகு காரின் பானெட்டைப் பிடித்து, இடது காலை இழுத்தபடி வந்தார். பின்கதவைத் தானே திறந்தார்.

கண்ணாடிக்காரர் நிமிரவில்லை. கைகளுக்குள் முகத்தை வைத்தபடி பேசினார்.

"பொய் சொன்னது அப்பா. ஆனா அதை இத்தனை வருஷம் சோறு போட்டு வளத்தது நான். அக்கா... என்னால உன் மூஞ்சியில முழிக்க முடியல அக்கா."

"தெரியும்டா," என்றார் அத்தை. "நகந்து உக்காரு."

அவர் நகர்ந்தார். அத்தை உள்ளே ஏறி, காலைக் கையால் தூக்கி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார். ஒட்டடை சத்தமில்லாமல் முன்கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையில் நின்றவர்களோடு போய் நின்றான்.